ஆலோசனைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?



காலில் முள் குத்தினால் எடுக்கிறோம். காய்ச்சல் மூன்று நாள் விடாவிட்டால் மருத்துவரிடம் போகிறோம். நடுக்கடலில் படகு இஞ்சின் நின்றுபோனால் பக்கத்துப் படகுக்காரருக்குத் துணியை வீசிக் காட்டுகிறோம். அதில் யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் வீட்டுக்குள் புருஷனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாதக்கணக்கில் இருந்தாலும், ராத்திரி முழுவதும் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாலும், அதைப் பற்றி ஒருவரிடம் போய்ப் பேச மட்டும் வெட்கம் வந்துவிடுகிறது. இது ஏன்? இந்த வெட்கத்தால் யாருக்கு லாபம்? இந்தப் பிரசுரத்தில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். யார் வீடு என்று தேடவேண்டாம்; விளக்குவதற்காக நாமே சொல்லும் கதை இது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் மணல்மேட்டில் வீடு. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது; இன்று அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர். 2013 முதல் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் சரக்குப் பெட்டிக் கப்பல்கள் வந்து போகின்றன. புருஷன் முகத்துவாரத்தில் வலை போட்டவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது. வலையும் படகும் கறுத்துப் போயின. பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லை. பிறகு அவர் காண்டிராக்ட் வேலைக்குப் போனார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. வேலை முடிந்தால் நேரே கடைக்குப் போகிறார். மனைவி மீஞ்சூர்ச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறாள். வீட்டில் சோறு இருக்கிறது, பேச்சு இல்லை.

அந்தம்மாவுக்கு ஆறு மாதமாகத் தலைவலி. கிராம சுகாதாரச் செவிலியர் வந்தபோது நடந்த பேச்சு இது:

"என்னம்மா, மறுபடியும் தலைவலியா?"

"ஆமா சிஸ்டர். ராத்திரியில தூக்கமே கெடையாது. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. ஊசி போட்டா ரெண்டு நாளு நல்லாருக்கு. அப்புறம் பழையபடி வந்துருது."

"ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களே, என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியா இருக்குன்னாங்க."

"வீட்ல அவரு எப்படி இருக்காரு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தம்மா சொல்கிறாள்: "குடிச்சிட்டு வந்தா சண்டை. குடிக்காம வந்தா பேச்சே இல்ல. எது மேலுன்னு எனக்கே தெரியல சிஸ்டர்."

"பொன்னேரி ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் வர்ற நாள் இருக்கும்மா. கவுன்சிலிங்கும் குடுப்பாங்க. ரெண்டு பேரும் ஒரு தடவை போய்ட்டு வாங்களேன்."

"ஐயையோ! எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு? யாராச்சும் பாத்துட்டா கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேரு வெச்சிடுவாங்க. எம் பொண்ணுக்கு நாளைக்கு மாப்ள வர வேணாமா?"

அன்று ராத்திரி புருஷனிடம் சொன்னபோது அவர் சொன்னதும் அதேதான்: "நம்ம வூட்டு விஷயத்த இன்னொருத்தன் கிட்ட போய் சொல்றதா? ஆம்பளைக்கு இன்னா கவுன்சிலிங்கு?"

இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. ஊரில் பத்து வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆகவே இந்தப் பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கீழ்ப்பாக்கம் என்ற சொல்

கீழ்ப்பாக்கம் சென்னையில் ஓர் ஊர்ப் பகுதி, அவ்வளவுதான். அங்கே கடை, பள்ளிக்கூடம், கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் உண்டு. ஆனால் நம் பேச்சில் அது வசவாகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில், 1794-ல், சென்னையில் மனநோயாளிகளுக்கு ஒரு காப்பிடம் ஏற்பட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் மனநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் கிடையாது. உள்ளே போனவர்களில் பலர் திரும்பவில்லை. மதில் சுவர் உயரம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. தெரியாத இடத்தைப் பற்றிப் பயம் வளர்வது இயற்கை. அந்தப் பயம்தான் நூறு வருஷம் கழித்தும் நம் வாயில் இருக்கிறது.

மருத்துவமனை மட்டும் அப்படியே இருக்கவில்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி, வீட்டாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது என்று பல மாறுதல்கள் வந்தன. 1984-ல் அவர் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று கீழ்ப்பாக்கத்துக்குக் காலையில் வந்து, சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மாத்திரையோடு மத்தியானம் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். பக்கத்து சீட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரே அங்கிருந்து வருகிறவராக இருக்கலாம். நமக்கு எப்படித் தெரியும்?

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடும் மனநோய் உள்ளவர்களே அல்ல. தூக்கம் கெட்டவர்கள், குடியை நிறுத்த முடியாதவர்கள், கடன் கவலையில் உள்ளவர்கள், பிள்ளை இல்லையே என்று ஊர் பேச்சு கேட்டு நொந்தவர்கள், வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு எழ முடியாதவர்கள். கால் சுளுக்குக்கு வைத்தியம் பார்த்தவனை நொண்டி என்று யாராவது சொல்கிறோமா?

முன்பும் இப்படித்தான் வெட்கப்பட்டோம்

இந்தப் பிரசுரம் குடும்பநல வரிசையில் வருவது. ஆகையால் நம் இலாகாவின் பழைய கதையையே சொல்லலாம். 1968-ல் அரசாங்கம் 'நிரோத்' உறையைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்படி குறைந்த விலைக்கு விற்க ஆரம்பித்தது. சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பெரியவர்கள் எதிரில் சொல்லமாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று மாமியாரையே கூட அழைத்துக்கொண்டு வந்து, "காப்பர் டி வெக்கணும் சிஸ்டர்" என்று சத்தமாகவே சொல்கிறார்கள்.

இன்னொன்று. 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அறைகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் அதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அந்த அறை வாசலில் நிற்கவே ஜனங்கள் நடுங்கினார்கள். நின்றால் 'அந்த நோய்' என்று முடிவு கட்டிவிடுவார்களே! ஆனால் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அந்தப் பரிசோதனை வழக்கமான பிறகு என்ன நடந்தது? கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிற பெண்ணும் அங்கே நிற்கிறாள், மீன்காரம்மாவும் நிற்கிறாள். எல்லோரும் நிற்கிற வரிசையில் யாரை யார் கை காட்டுவது?

கடற்கரை ஜனங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்ததே, அதற்குப் பிறகு தமிழகக் கடற்கரைக் குப்பங்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிறவர்கள் வந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்து மருத்துவர்கள் உள்ளூர்த் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அலைச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, பிள்ளை கடல் பக்கம் போனால் கை நடுங்குகிறது என்று பெரிய பெரிய ஆண்பிள்ளைகளும் சொன்னார்கள். அப்போது யாரும் யாரையும் பைத்தியம் என்று சொல்லவில்லை. இழப்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஆகவே அழுகையும் பொதுவாக இருந்தது.

ஆக, வெட்கம் என்பது செயலில் இல்லை. தனியாகப் போகிறோமே, நம்மை மட்டும் பார்ப்பார்களே என்பதில்தான் இருக்கிறது. முதலில் போகிற நாலு குடும்பத்துக்குத்தான் கஷ்டம். ஐந்தாவது குடும்பத்துக்கு வழி போட்டாகிவிட்டது.

பாட்டிமார்கள் போட்ட பெஞ்சு

வெளிநாட்டுச் செய்தி ஒன்று கேளுங்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. அந்த நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 2006-ல் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் தலைநகர் ஹராரேயில் ஏழை ஜனங்கள் வாழும் பகுதியில் ஓர் ஏற்பாடு செய்தார். நர்சுகளுக்கு நேரமில்லை, மருத்துவமனையில் அறையும் இல்லை. சுகாதாரப் பணி செய்துவந்த பாட்டிமார்கள் 14 பேர் கிடைத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனைக்கு வெளியே மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். பெஞ்சுக்கு 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைத்தார். யாரும் வரவில்லை!

பாட்டிமார்கள் சொன்னார்களாம், இந்தப் பெயரை வைத்தால் எவனும் வரமாட்டான், மாற்று என்று. 'நட்புப் பெஞ்சு' என்று மாற்றினார்கள். ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பாஷையில் இந்த வியாதிக்கு ஒரு சொல் உண்டு. அதன் பொருள் 'அளவுக்கு மீறி யோசிப்பது'. நம் ஊரிலும் "யோசனை ஜாஸ்தியாகி உடம்பு கெட்டுப்போச்சு" என்று சொல்கிறோம் அல்லவா, அதேதான். பாட்டிகள் புத்திமதி சொல்வதில்லை. கேட்கிறார்கள். வந்தவர் சொல்லும் பத்துக் கஷ்டத்தில் இந்த வாரம் எதைச் சரிசெய்யலாம் என்று அவரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். 2016-ல் இதை முறையாக ஆராய்ந்து பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருப்பது தெரிந்தது.

நம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் தொலைபேசி மனநல சேவை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'நட்புடன் உங்களோடு'. எண் 14416. பெயர் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்றே தோன்றுகிறது.

ஊருக்கே வந்த முகாம்

"பெஞ்சு எல்லாம் அந்த ஊருக்குச் சரி. நம்ம ஊர்ல குடிக்கிறவன் யாரு பேச்சையும் கேக்கமாட்டான்" என்று அக்காமார்கள் சொல்வது காதில் விழுகிறது. அதற்கும் நம் நாட்டிலேயே பதில் உண்டு.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார். அவருடைய கணவர் குடிநோயால் இளம் வயதிலேயே 1979-ல் இறந்தார். பெரிய குடும்பம், பணம் காசுக்குக் குறைவில்லை. ஆனாலும் இங்கே அந்த நோய்க்குச் சரியான சிகிச்சை இடம் இல்லாத காலம் அது. வெட்கப்பட்டு மூலையில் உட்காராமல், அடுத்த வருஷமே, 1980-ல், கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை அவர் ஆரம்பித்தார். குடிப்பவருக்கு மட்டும் அல்ல, அவருடைய மனைவிக்கும் அங்கே ஆலோசனை உண்டு. குடி ஒருவருக்கு நோய் என்றால், அந்த வீட்டில் எல்லோருக்குமே நோய் என்பது அவர்கள் கண்டது. 1992-ல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கிராமத்து ஆண்கள் பட்டணத்து மருத்துவமனைக்கு வரத் தயங்கினார்கள். கூலி போய்விடும், செலவு ஆகும், ஊர் சிரிக்கும். ஆகவே அந்த நிறுவனம் சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோயிற்று. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் மஞ்சக்குடி என்ற ஊர். அங்கேயே முகாம் போட்டு, குடிப்பவர்களைத் தங்க வைத்து, சிகிச்சையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். வீட்டாரையும் அழைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். 1994-ல் வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் 'மஞ்சக்குடி அனுபவம்' என்ற தலைப்பிலேயே இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. நம்மைப் போன்ற கிராமத்துப் புருஷன் பெண்சாதிகள் ஊர் அறியத்தான் அந்த முகாமில் உட்கார்ந்தார்கள். ஒளித்துப் போகவில்லை. ஊரே நடத்துகிற காரியமாக அது இருந்ததால் ஊர் எப்படிச் சிரிக்கும்?

குடியைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்துவந்தவர் வீறாப்பாக ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்பு வரை வரலாம். "சாமிக்கு மாலை போட்டுட்டேன், இன்னையிலேர்ந்து தொடமாட்டேன்" என்கிறவருக்கும் இது பொருந்தும். நிறுத்தட்டும், மிகவும் நல்லது. ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும். வலிப்பு வந்தால் 108-க்குச் சொல்லுங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி, மருந்து எதையும் வாங்காதீர்கள். அதனால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அறைக்குள் என்ன நடக்கிறது?

பலருக்கு இதுதான் தெரியவில்லை. தெரியாததால் கரண்ட் வைப்பார்கள், கட்டிப் போடுவார்கள், ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள் என்றெல்லாம் கற்பனை. ஆலோசனை அறையில் மேஜை, நாற்காலி, ஒரு பேரேடு, இவ்வளவுதான் இருக்கும். "எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை? சாப்பிட முடிகிறதா? வேலைக்குப் போக முடிகிறதா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். இரண்டு பேரும் வந்திருந்தால் முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் கேட்பது உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். அபராதம் கிடையாது. காலில் விழச் சொல்லமாட்டார்கள். பிரித்து வைக்கவும் மாட்டார்கள்.

பிறகு என்ன செய்வார்கள்? உதாரணத்துக்கு நம் கதைத் தம்பதியையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஷிப்டு முடித்துக் காலையில் வருகிறவரிடம் வீட்டுக் கணக்கையும் பிள்ளை படிப்பையும் அந்த நிமிஷமே எடுத்தால் சண்டையில்தான் முடியும். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, சாயங்காலம் அரைமணி நேரம் பேசுவது என்று முடிவு செய்யச் சொல்லலாம். கடன் எவ்வளவு என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே காகிதத்தில் எழுதச் சொல்லலாம். எத்தனையோ வீட்டில் புருஷன் வாங்கிய கடன் பெண்சாதிக்குத் தெரியாது, பெண்சாதி குழுவில் வாங்கியது புருஷனுக்குத் தெரியாது. பாதிச் சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தம்மாவின் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து தேவை என்றால் அதை மருத்துவர் முடிவு செய்வார். எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. ஒரு தடவையில் தீராது. நாலைந்து தடவை போகவேண்டி வரலாம். ஒரே ஊசியில் சரியாக்கிவிடுவேன் என்று சொல்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

அரசு மருத்துவமனையில் இதற்குப் பணம் கிடையாது. போக்குவரத்தும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. கூலி சிறிய விஷயம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மாதா மாதம் தலைவலி ஊசிக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பாருங்கள்.

சொன்னது வெளியே போகுமா?

"கம்பெனிக்குத் தெரிஞ்சா கேட் பாஸ் போயிடும்" என்று காண்டிராக்ட் தொழிலாளிகள் பயப்படுகிறார்கள். நியாயமான கேள்விதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சிகிச்சை பெறுகிறவர் சொன்னதையும் அவருடைய நோய் விவரத்தையும் இரகசியமாக வைக்கவேண்டியது மருத்துவர் முதல் ஆலோசகர் வரை எல்லோருக்கும் கடமை. ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகளில்தான் அதற்கு விலக்கு உண்டு. உங்கள் காண்டிராக்டரோ, மேஸ்திரியோ, மாமனாரோ, பெண் கேட்டு வருகிறவர்களோ போய்க் கேட்டால் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

இதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும். அவரைத் தண்டிக்காமல் கவனிக்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் பழைய 309-ஆம் பிரிவு இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து விஷம் குடித்தவரை வீட்டிலேயே வைத்திருந்து நேரத்தைப் போக்கிய குடும்பங்கள் உண்டு. அந்தத் தாமதம் உயிரை எடுத்துவிடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

"செத்துடலாம்னு தோணுது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், "சும்மா பயங்காட்டுறா" என்று தள்ளாதீர்கள். கேட்டால் தூண்டியதாகிவிடுமோ என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நேராகவே கேளுங்கள், கேட்ட பிறகு தனியாக விடாதீர்கள். சென்னையில் 1986 முதல் 'சினேகா' என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. எண் 044-24640050.

தாமதம் செய்யக்கூடாத வேறு சில

பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் தாய் காரணம் இல்லாமல் அழுவது அதிகம் பேருக்கு உண்டு. சில நாளில் அது தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைத் தொடவே பிடிக்காமை, "நான் இருந்து இன்னா பிரயோஜனம்" என்ற பேச்சு இருந்தால் அது காத்து கருப்பு அல்ல, தீட்டு அல்ல. நோய், சிகிச்சையால் தீரும். வேப்பிலை அடிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. அடித்துவிட்டு அன்றே செவிலியரிடமும் சொல்லுங்கள். அவள் சம்பந்தமில்லாமல் பேசினாலும், யாரோ குரல் கொடுப்பதாகச் சொன்னாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். குழந்தையையும் அவளையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தை இல்லாத தம்பதியர் இரண்டு பேருமே சேர்ந்து பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் போகவேண்டும். பெண்ணை மட்டும் அனுப்புவது தவறு. காரணம் ஆணிடமும் இருக்கக்கூடும்.

அடி உதை நடக்கிற வீட்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். அங்கே புருஷன் பெண்சாதி ஒன்றாக உட்கார்ந்து ஆலோசனை பெறுவது முதல் வேலை அல்ல. அவர் எதிரில் அவள் உண்மையைச் சொல்லமுடியாது. சொன்னால் வீட்டுக்கு வந்த பிறகு அதற்கும் சேர்த்து அடி விழும். அந்தப் பெண் தனியாகவே செவிலியரிடம் பேசலாம், அல்லது 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். இரவும் பகலும் எடுப்பார்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு கேட்கவும் அவளுக்கு உரிமை உண்டு. "அனுசரிச்சு போம்மா" என்று அவளிடம் சொல்லி அனுப்புவது ஆலோசனை ஆகாது.

எங்கே, எப்படிப் போவது?

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரையோ, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரையோ கேளுங்கள். பிரஷர், சுகர் பார்க்க வரும்போதே வாசலில் மெதுவாகக் கேட்டால் போதும். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று விசாரித்துச் சொல்வார்கள். பொன்னேரியில் தெரிந்த முகம் இருக்குமே என்று கூச்சப்படுகிறவர்கள் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் யார் எந்த அறைக்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

எழுந்து போகவே மனம் வராதவர்கள் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். காசு இல்லை. ராத்திரி ஷிப்டு இடைவேளையில் துறைமுகத்து வாசலில் நின்றுகொண்டுகூடப் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

புருஷன் வரமாட்டேன் என்றால் பெண்சாதி முதலில் தனியே போகட்டும். பெண்சாதி மறுத்தால் புருஷன் போகட்டும். ஒருவர் போய்வந்தாலே வீட்டில் கொஞ்சம் மாறுதல் தெரியும். அடுத்தவர் "நானும் ஒரு தரம் வந்து பாக்குறேன்" என்று சொல்லக்கூடும். கூட்டிக்கொண்டு போகிறவர், "உன்னச் சரி பண்ணக் கூட்டிட்டு போறேன்" என்று சொல்லவேண்டாம். "எனக்கும் மனசு சரியில்ல, நீயும் கூட வா" என்று சொல்லிப் பாருங்கள்.

மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் "மனநலம்" என்று பலர் எதிரில் சொல்ல வாய் வரவில்லையா? "தூக்கம் வரல" என்று மட்டும் சொல்லுங்கள். எந்த அறை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.